குழிக்குள்ள எட்டிப் பாத்தது போதும், பசங்கள பானை ஓடு கழுவ விடுங்க

கீழடி பேரு பெருசா அடிபட ஆரம்பிச்சதுல இருந்து லீவு வந்தா போதும், "மாணவர்களுக்கான தொல்லியல் பயிற்சி முகாம்"னு வாட்ஸ்அப்ல போஸ்டர் சுத்த ஆரம்பிச்சிருது. பசங்க ஆர்வமா வர்றாங்க, சந்தோஷம்தான். ஆனா அங்க என்னத்த சொல்லிக் குடுக்குறாங்கன்னு பாத்தா கடுப்பாகுது. நான் கூடப் போன ஒரு முகாம்ல (பேரு வேணாம்) காலைல பூரா பவர்பாயிண்ட், மத்தியானம் பொட்டலம் சாப்பாடு, அப்புறம் பஸ்ல ஏத்தி ஒரு அகழாய்வுக் குழிக்குக் கூட்டிட்டுப் போயி கயித்துக்கு வெளிய நிக்க வச்சு எட்டிப் பாக்கச் சொல்லி ஒரு குரூப் போட்டோ, சாயங்காலம் சர்டிபிகேட். காசு வேற வாங்கினாங்க. ஒரு புள்ள கைல ஒரு பானை ஓடு கூடப் படல.

நான் சொல்றது இதுதான். பதினஞ்சு பதினாறு வயசுப் பசங்களுக்கு தோண்டுறத அப்புறம் சொல்லிக் குடுங்க. தோண்டி எடுத்ததுக்கு அப்புறம் நடக்குற வேலைய மொதல்ல குடுங்க.

குழில இருந்து வர்றதுல முக்கால்வாசி ஓடுதான், கூடை கூடையா வரும். ஒவ்வொரு கூடையிலயும் ஒரு சீட்டு இருக்கும், எந்தக் குழி, எத்தனாவது மண்ணடுக்கு, எவ்வளவு ஆழம், என்ன தேதின்னு. அந்தச் சீட்டு தொலைஞ்சா கதை முடிஞ்சிச்சு, அது எந்த மண்ணடுக்குல இருந்து வந்த ஓடுன்னு சொல்ல வழியில்ல. அந்த ஓட்டத் தண்ணில ஊறப்போட்டு மெதுவா பிரஷ் பண்ணணும், வீட்ல அடிப்புடிச்ச பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேச்சா மேல இருக்குற கீறல் போயிரும், அந்தக் கீறல்தான் குறியீடு, சில சமயம் தமிழிங்குற பழைய தமிழ் எழுத்து. கீழடில வந்த "ஆதன்", "குவிரன் ஆதன்" எல்லாம் இப்படி ஓட்டு மேல கீறி வச்ச பேருதான். நெழல்ல காயவச்சு, கருப்பும் சிவப்பும் சேந்தது தனி, வெறும் சிவப்பு தனி, வாய்ப்பகுதி தனி, அடிப்பகுதி தனின்னு பிரிக்கணும். வாய்ப்பகுதி ஓட்ட, வட்டம் வட்டமா வரைஞ்ச சார்ட் மேல வச்சு எந்த வட்டத்தோட பொருந்துதுன்னு பாத்தா முழுப்பானை எவ்வளவு அகலம்னு தெரிஞ்சிரும். ஒம்பதாவது பத்தாவதுல வில்லு, ஆரம்னு மனப்பாடம் பண்ணி அழுற புள்ளைங்களுக்கு இத ஒரு தடவ கைல குடுத்துப் பாருங்க, கணக்கு சார் ஆச்சரியப்படுவாரு. அப்புறம் ஒவ்வொரு ஓட்டுலயும் பொடி எழுத்துல நம்பர் போடணும், ரிஜிஸ்டர்ல ஏத்தணும். போரடிக்கும்தான். போரடிக்கட்டும், இந்தத் துறைல இருக்குறதே இந்த வேலைதான்.

கீழடிக்கு கி.மு. ஆறாம் நூற்றாண்டுன்னு நம்ம எல்லாரும் பெருமையா ஷேர் பண்ணோமே 2019ல, அதுக்கு முக்கியமான ஆதாரம் 353 செ.மீ. ஆழத்துல எடுத்த ஒரு கரித் துண்டு. அமெரிக்கா லேபுக்குப் போயி, கார்பன் டேட்டிங்ல கி.மு. 580னு வந்துச்சு. அந்த 353அ யாரோ ஒருத்தர் வெயில்ல டேப் புடிச்சு அளந்து நோட்ல எழுதிருக்காங்க. அத 253ன்னு எழுதிருந்தா லேப் ரிசல்ட் வந்தும் தப்பான மண்ணடுக்குக்குத்தான் தேதி சொல்லிட்டு இருந்திருப்போம். பசங்களுக்குப் பழக்க வேண்டியது இந்த எழுதுற புத்திய.

இங்கிலாந்துல 2005ல கேம்பிரிட்ஜ் யூனிவர்சிட்டில கரென்சா லூயிஸ்னு ஒரு தொல்லியலாளர் ஒரு வேலை ஆரம்பிச்சாங்க. காலேஜ் எல்லாம் நமக்கு எங்கங்குற நெனப்புல இருக்குற ஸ்கூல் பசங்கள ஊர் ஊராக் கூட்டிட்டுப் போயி, வீட்டுத் தோட்டங்கள்ல ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குழி, பத்துப் பத்து சென்டிமீட்டரா எறக்கணும், மண்ணு பூரா சல்லடைல சலிக்கணும், எல்லாத்தையும் எழுதணும். இப்படி ஸ்கூல் பசங்களும் ஊர்க்காரங்களும் போட்ட கிட்டத்தட்ட ரெண்டாயிரம் குழில வந்த ஓட்ட எண்ணிப் பாத்து, 1348-49 பிளேக் கொள்ளை நோய்க்கு அப்புறம் கிழக்கு இங்கிலாந்துல மண்பாண்டம் பொழங்குறது 45 சதவீதம் கொறஞ்சிருக்குன்னு 2016ல கட்டுரை போட்டாங்க. பசங்க கழுவுன ஓடு ஆராய்ச்சி ஆயிருச்சு பாருங்க.

அத அப்படியே இங்க இறக்க முடியாது. நம்ம நாட்டுல அனுமதி வாங்காம அகழாய்வு பண்ணக் கூடாது, அது சரிதான், இல்லன்னா நம்மாளுக பொதையல் தேடி ஊரையே நோண்டிருவாங்க. ஆனா ஓடு கழுவவும் பிரிக்கவும் புதுசா குழி எதுக்கு? ஏற்கனவே அனுமதியோட தோண்டுற எடத்துலயே வேலை குவிஞ்சு கெடக்கும். தோண்டுறது ஒரு சீசன்ல முடிஞ்சிரும், ஓட்டு வேலை அதுக்கப்புறமும் இழுக்கும். பயிற்சியும் வேலையும் ஒண்ணா நடக்குறது நமக்குப் புதுசும் இல்ல, 1944ல அப்போ இந்தியத் தொல்லியல் துறைத் தலைவரா இருந்த மார்ட்டிமர் வீலர் தட்சசீலத்துல (இப்போ பாகிஸ்தான்ல இருக்கு) பயிற்சிப் பள்ளி வச்சாரு, அடுத்த வருஷமே புதுச்சேரி பக்கத்துல அரிக்கமேட்டுல பயிற்சியோட சேத்து அகழாய்வு. அங்க வீலருக்கு முன்னாடி 1937ல ஊர்ச் சின்னப் பசங்க கைல இருந்த மணிகள ழூவோ துப்ராய்ங்குற பிரெஞ்சுப் பேராசிரியர் காசு குடுத்து வாங்கிருக்காரு. மொதல்ல பாத்தது பசங்கதான், ஆனா சரித்திரத்துல அவங்க பேரு இல்ல.

இன்னொண்ணு, யார் சொல்லிக் குடுக்குறதுன்னு. பிஎச்டி முடிச்சவங்க மட்டும்தானா? எந்தக் குழிக்குப் போனாலும் கைக்கொத்த வச்சு சொரண்டிட்டு இருக்குறது பக்கத்து ஊரு அக்காங்கதான். நான் ஒரு எடத்துல நின்னு பாத்துட்டு இருந்தேன், ஒரு அக்கா சொரண்டிட்டே இருந்தவங்க டக்குனு நிறுத்திட்டாங்க, "சார், இங்கன மண்ணு பொதபொதன்னு வருது, வேற மண்ணு"ன்னாங்க. எனக்கு ரெண்டும் ஒரே செம்மண்ணுதான். மேல இருந்த ஆய்வாளர் உடனே கீழ இறங்கி வந்தாரு, தண்ணி தெளிச்சுப் பாத்தா வட்டமா ஒரு கறை, தூண் நட்ட குழி. பல சீசனா வேலை பாத்துக் கைல வந்த அறிவு அது, அதுக்குப் பேரு இங்க தினக்கூலி. பசங்களுக்கு அவங்களே கிளாஸ் எடுக்கட்டும், அந்த நாளுக்குத் தனிச் சம்பளம் குடுங்க, அக்கான்னு கூப்புட்டாலும் டீச்சர்ங்குற மரியாதை இருக்கட்டும்.

எந்த ஊர்ல தோண்டுறாங்களோ அந்த ஊர் அரசுப் பள்ளிப் பசங்களுக்குத்தான் மொத எடம், சென்னைல இருந்து ஏசி பஸ்ல வர்றவங்க அடுத்து. பல பள்ளிகள்ல தொன்மைப் பாதுகாப்பு மன்றம் இருக்கு, திருப்புல்லாணி அரசு மேல்நிலைப்பள்ளி மாதிரி எடங்கள்ல ஆசிரியர்களே முயற்சி எடுத்துப் பசங்களக் கல்வெட்டு படிக்கப் பழக்கிருக்காங்க, அந்த மாதிரிப் பசங்களக் கூப்புட்டாலே போதும். மே மாசம் காலைல எட்டுல இருந்து பதினொண்ணு, கொட்டாய் நெழல்ல, ரெண்டு வாரம். யாரு கழுவுனது, யாரு நம்பர் போட்டதுன்னு ரிஜிஸ்டர்ல பசங்க பேரு ஏறணும், அறிக்கை வரும்போது நன்றிப் பக்கத்துலயும் வரணும்.

"இதெல்லாம் படிச்சா வேலை கெடைக்குமா"ன்னு கமெண்ட்ல கேக்கப் போற அண்ணன்மாருக்கு: ரெண்டு வாரம் ஓடு கழுவுனா வேலை கெடைக்காது. மாஸ்டர் டிகிரி முடிச்சிட்டு மாநிலத் தொல்லியல் துறையோட ரெண்டு வருஷ டிப்ளமோவுக்கோ கிரேட்டர் நொய்டால இருக்குற மத்தியத் தொல்லியல் துறையோட கல்வி நிறுவனத்துக்கோ அப்ளை பண்றப்ப, இது நமக்கு ஒத்து வருமா வராதான்னு அந்தப் புள்ளைக்கே தெரிஞ்சிருக்கும்.