நடவும்

(திருவையாற்றில் ஒரு பழைய வீட்டின் கொல்லை. பேருந்தில் 31 ஆண்டுகள் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்ற தம்பி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து கத்தரி நாற்றை மண்ணில் ஊன்றிக்கொண்டிருக்கிறார். கும்பகோணத்திலிருந்து வந்த அக்கா, கையிலிருக்கும் பையைக்கூடக் கீழே வைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.)

அக்கா: சர்க்கரை 300-ஐத் தொட்டுவிட்டதென்று மருத்துவர் உன்னைத் தினமும் நடக்கச் சொல்லியிருக்க, நீ இங்கே உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறாயே?

தம்பி: அவர் சொன்னதைத்தான் அக்கா செய்கிறேன். கம்பவுண்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நீங்களே படியுங்கள்: ‘தினமும் காலையில் 45 நிமிடம் நடவும்.’ முதல் நாள் 5 கத்தரி நட்டேன். இன்றோடு 60 ஆகிறது.

அக்கா: அட பாவி, அது ‘நடக்கவும்’ என்று இருந்திருக்க வேண்டும்! ‘நடவும்’ என்றால் நாற்றைத்தான் நட முடியும். கால் அசைய வேண்டுமானால் நடுவில் ஒரு ‘க்க’ வேண்டும்.

தம்பி: இருக்கலாம். ஆனால் 31 ஆண்டுகள் சீட்டுக் கிழித்தவன் நான். சீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் செல்லும்; வாயால் சொல்வது செல்லாது.

அக்கா: பெயர்தான் நடத்துநர். ஊரையெல்லாம் உட்கார வைத்துக் கொண்டுபோய் விட்டாயே தவிர, நீ என்றைக்கு நடந்தாய்?

தம்பி: அபாண்டம்! பேருந்து ஓடிக்கொண்டிருக்கும், நான் அதற்குள்ளே முன்படிக்கும் பின்படிக்குமாக நடந்துகொண்டிருப்பேன். ‘ஓட்டமும் நடையுமாக’ என்கிறார்களே, அதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

அக்கா: போன வாரம் மருத்துவர் தொலைபேசியில் விசாரித்தபோது என்ன சொன்னாய்?

தம்பி: ‘நடையில் இருக்கிறேன்’ என்றேன். அதில் பொய்யே இல்லை. திண்ணைக்கும் கூடத்துக்கும் நடுவே இருக்கிற நடையில், சாய்வு நாற்காலியில், விசிறியோடு இருந்தேன். அவர் ‘சபாஷ்’ என்று பாராட்டிவிட்டு வைத்துவிட்டார்.

(காலை நீட்டிப் படுத்துக்கொண்டே தமிழில் நடையில் இருக்கலாம் என்பதை அந்த மருத்துவரிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.)

அக்கா: ஐயாறப்பர் கோயில் வரைக்குமாவது போய்வரக் கூடாதா?

தம்பி: போனேனே! ‘நடை சாத்தியாயிற்று’ என்றார்கள். நடையையே சாத்திவிட்ட பிறகு எப்படி நடப்பது என்று திரும்பிவிட்டேன்.

அக்கா: உச்சிவேளை கழித்துப் போனால் சாத்தாமல் என்ன செய்வார்கள்? வேலித் தகராற்றில் நீ போட்ட வழக்கு 6 ஆண்டுகளாக நடக்கிறது. காலே இல்லாத வழக்கு நடக்கிறது. இரண்டு கால் இருக்கிற நீ மாட்டேன் என்கிறாய்.

தம்பி: அந்த வழக்கு எங்கே நடந்தது? அது வாய்தா வாங்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது. நான்தான் அதற்காக நீதிமன்றத்துக்கு நடையாய் நடந்தேன், அதுவும் பேருந்தில்.

அக்கா: தெருக்கோடியில் காவிரியைப் பார். குடகில் புறப்பட்டுப் பூம்புகார் வரைக்கும் போகிறாள். இளங்கோவடிகள் ‘நடந்தாய் வாழி காவேரி’ என்றல்லவா வாழ்த்தினார்?

தம்பி: அவளும் மேட்டூரில் உட்கார்ந்துவிடுகிறாள் அக்கா. வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி யாராவது மதகைத் தூக்கிவிட்டால்தான் இந்தப் பக்கம் நடக்கத் தொடங்குகிறாள். எனக்கு மதகு தூக்க இன்னும் ஆள் வரவில்லை.

(அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு, கிணற்று மோட்டாரில் மாட்டியிருந்த ரப்பர் குழாயைக் கழற்றிச் சுருட்டத் தொடங்குகிறார்.)

தம்பி: குழாயை எங்கே கொண்டுபோகிறீர்கள்? செடிக்குத் தண்ணீர் வேண்டாமா?

அக்கா: குழாய் என்னோடு கும்பகோணத்துக்கு வருகிறது. ஆற்றில் தண்ணீர் இருக்கிறது, கூடத்தில் குடம் இருக்கிறது. 60 செடிக்கு 20 குடம், குடத்துக்கு ஒரு நடை.

தம்பி: ஆற்றுக்கும் கொல்லைக்கும் 20 நடையா! இது நடக்கிற காரியமா அக்கா?

அக்கா: நடந்தால் நடக்கும்.