பத்து நிமிட ஐடிலிங் பழைய பிக்கப்பைக் காப்பாற்றாது

"வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்தினால் போதும், பழைய டீசல் பிக்கப் கெடாது" என்று, ஓட்டாமல் நிறுத்தி வைத்திருக்கும் வண்டியைப் பற்றி ஒரு நண்பர் சொல்லியிருப்பது தவறு. இதை நம்பினால் வண்டிதான் பாழாகும். ஐடிலிங்கில், அதாவது வண்டியை நகர்த்தாமல் எஞ்சினை மட்டும் ஓடவிடும்போது, டீசல் எஞ்சின் லேசில் சூடேறாது. டீசல் எரியும்போது உண்டாகும் நீராவி வெளியேறாமல் எஞ்சின் ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீராகத் தங்கும். ஆயில் கெடும், சைலன்சர் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். இறங்கிப்போன பேட்டரியும் பத்து நிமிடத்தில் ஏறிவிடாது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரோட்டில் எடுங்கள். டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்துக்கு வந்த பிறகும் 20 நிமிடமாவது ஓட்டுங்கள். பிரேக்கும் கியர்பாக்ஸும் அப்போதுதான் வேலை செய்யும். அதற்கு வழியில்லையென்றால் ஸ்டார்ட் செய்யாமல் விடுவதே மேல்: பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிடுங்கள், 12.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் சார்ஜரில் போடுங்கள்.

ஹேண்ட்பிரேக்கை இழுத்து மாதக்கணக்கில் நிறுத்தவே கூடாது; பிரேக் ஷூ, சக்கரத்தின் பிரேக் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். டேங்க் நிறைய டீசல் இருந்தால் உள்ளே ஈரம் சேர இடம் குறையும். டீசல் ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். எஞ்சின் ஆயிலை, கிலோமீட்டர் ஓடாவிட்டாலும், வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும்.