மிதிவண்டி அங்கே புதியதன்று
ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் மிதிவண்டிக் குழுவைக் கண்டு மக்கள் வியப்பதற்கு அவர்களுக்கு மிதிவண்டி அரிது என்பதே காரணம் என்னும் கட்டுரையாளரின் கூற்றை என்னால் ஏற்க இயலவில்லை. மலாவியில் ஏரிக்கரைச் சிற்றூரான சிட்டிம்பாவிலிருந்து முசுசு நோக்கி எங்கள் குழு சென்ற நாளில், சிவெட்டா மலையேற்றத்தில் கியரை மாற்றி மாற்றி மூச்சிரைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு எதிரே, கியரே இல்லாத வண்டிகளில் பெரும் கரிமூட்டைகளைக் கட்டிக்கொண்டு இளைஞர்கள் நிதானமாக இறங்கி வந்தார்கள். பின்னால் ஆளேற்றிச் செல்லும் ‘கபாசா’ மிதிவண்டிகள்தாம் அந்நாட்டில் பல ஊர்களுக்கு வாடகை வண்டி. சந்தைக்குப் போகும் மூதாட்டிகளும் அவற்றையே நம்பியிருக்கிறார்கள். அன்று என் பின்சக்கரத்தில் இரண்டு கம்பிகள் முறிந்தபோது, எங்கள் உதவி வண்டி வந்து சேரும் முன்பே, மரத்தடியில் பழுதுபார்க்கும் ஒருவர் கம்பி மாற்றி, சக்கரத்தின் கோட்டமும் எடுத்துத் தந்துவிட்டார். சுமை எதுவும் இல்லாமல் ஏன் இவ்வளவு தூரம் மிதிக்கிறீர்கள் என்பது மட்டுமே அவருக்குப் புரியவில்லை.