வாடகைக் கட்டுப்பாடு போய்விட்டது, அட்வான்ஸ் போகவில்லை

1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் 2019 பிப்ரவரி 22 முதல் புதுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பழையது ஒழிந்தது நல்லதற்குத்தான். மனை மதிப்பையும் கட்டுமானச் செலவையும் கூட்டி, அதில் குடியிருப்புக்கு ஆண்டுக்கு 9 சதவீதம், கடைக்கு 12 சதவீதம் என்று ‘நியாய வாடகை’ கணக்கிட்ட சட்டம் அது. ஒருமுறை முடிவான வாடகையை உயர்த்துவது லேசில் நடக்காது. ஆளைக் காலி செய்ய வழக்குப் போட்டால் வருடக்கணக்கில் அலைய வேண்டும். சவுகார்பேட்டைச் சந்துகளில் காரை பெயர்ந்து, மாடிச் சுவரில் அரசஞ்செடி வேர்விட்டு நிற்கும் கட்டடங்களைப் பாருங்கள். அற்ப வாடகை வாங்கிக்கொண்டு யார் மராமத்து செய்வார்கள்?

புதுச் சட்டம் வாடகையை இரு தரப்பின் பேச்சுக்கே விட்டுவிட்டது. சரி. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொன்னது. இங்கேதான் என் கோபம்.

என் தங்கை குடும்பம் வேளச்சேரியில் வீடு பார்த்தது. வாடகை 18,000 ரூபாய், அட்வான்ஸ் 1,80,000. “சட்டப்படி 54,000 தானே சார்?” என்று மாப்பிள்ளை கேட்டார். “அப்படியென்றால் வேறு இடம் பாருங்கள்” என்று கதவை மூடாத குறையாக அனுப்பிவிட்டார் வீட்டுக்காரர். கடைசியில் நகையை அடகு வைத்துத்தான் வேறொரு வீட்டில் பால் காய்ச்சினார்கள். அங்கேயும் பத்து மாத அட்வான்ஸ்தான்.

அந்த வீட்டுக்காரரைச் சட்டமும் தடுக்காது. மூன்று மாத வரம்புக்கு முன்னால் ‘ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறியிருந்தாலொழிய’ என்றொரு வாசகம் இருக்கிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவர் எந்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்துப் போடமாட்டார்? அதே நேரம், எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாததையே காரணமாகக் காட்டிக் குடியிருப்பவரை வெளியேற்றக் கோரலாம்; அதற்குச் சட்டத்தில் தெளிவான வழி இருக்கிறது. துணை ஆட்சியர் நிலையில் வாடகை அதிகாரி ஒருவர் இருப்பதோ குடியிருப்பவர்களில் பலருக்குத் தெரியாது.

வாடகையைச் சந்தை முடிவு செய்யட்டும். ஆனால் பத்து மாத அட்வான்ஸ் வாடகை அல்ல. ஏழைக் குடும்பத்திடமிருந்து வட்டியில்லாமல் வாங்கும் கடன். மத்திய அரசின் 2021 மாதிரிச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகையே உச்சம் என்கிறது. தமிழ்நாடு அந்த அளவுக்குக்கூடப் போக வேண்டாம். அந்த ஒரு வாசகத்தை நீக்கி, மூன்று மாதத்தை உண்மையான வரம்பாக்கட்டும். சட்டமன்றத்தில் ஒரு சிறு திருத்தம் போதும்.