0.1 + 0.2: பிழை பைத்தானில் இல்லை

பைத்தான் என்ற நிரல்மொழியில் 0.1 + 0.2 கொடுத்தால் 0.30000000000000004 வருவதால் அந்த மொழியே பழுதானது, பணக் கணக்குக்கு உதவாது என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. விடை அப்படி வருவது உண்மைதான். சொல்லப்படும் காரணம் தவறு.

மூன்றில் ஒரு பங்கை 0.333 என எழுதத் தொடங்கினால் முடிவே வராததைப் போல, பத்தில் ஒரு பங்கும், 0, 1 என்ற இரண்டே இலக்கங்கள் கொண்ட இரும முறையில் 0.000110011... என்று முடிவின்றி நீள்வதால், பின்ன எண்களைக் கணினியில் வைப்பதற்காக 1985இல் வெளியான ஐஇஇஇ 754 தரத்தின்படி கணினி அதை 53 இரும இலக்கங்களுக்குள் அடக்கிக்கொள்கிறது. அந்த நுண்ணிய வேறுபாடே பதினேழாம் தசம இடத்தில் தலைகாட்டுகிறது. அரையும் காலும் இரும முறையில் முடிவுள்ளவை என்பதால், அதே கணினியில் 0.5 + 0.25 துல்லியமாக 0.75 என்றே வரும்.

உங்கள் உலாவியில் கட்டளைகளை இட்டுப் பார்க்கும் பகுதியான கன்சோலில், ஜாவாஸ்கிரிப்ட் என்ற வேறொரு நிரல்மொழியிலும் கூட்டிப் பாருங்கள், அதே விடைதான் கிடைக்கும். பைத்தானின் அதிகாரபூர்வப் பயிற்சி ஆவணமும் இதைத் தனிப் பகுதியாக விளக்குகிறது. பணக் கணக்குக்கு, எண்களைத் தசம முறையிலேயே கையாளும் டெசிமல் தொகுதி பைத்தானில் இருக்கிறது. தொகையைப் பைசாக்களாக, முழு எண்ணிலும் வைக்கலாம். புதிதாக நிரல் கற்பவர்களை வீணாக அச்சுறுத்தும் அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.