விலை கேட்டால் ஏளனமா?

வெளிநாட்டுப் படிப்பு ஆலோசகர் ஒருவர் நடத்திய அந்த நேரலையைப் பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். கல்விக் கட்டணம் போக மொத்தம் எவ்வளவு ஆகும் என்று ஒரு மாணவி மரியாதையாகத்தான் கேட்டார். "கையில் பணம் இல்லாதவர்கள் வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி யோசிக்கவே கூடாது" என்று சிரிக்கிறார் அந்த ஆலோசகர். அதற்குக் கைதட்டல் வேறு. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தப் பெண் உதவி கேட்கவில்லை. விலை கேட்டார்.

விளம்பரத்தில் அச்சடிப்பது கல்விக் கட்டணத்தை மட்டும்தான். விமானம் ஏறும் முன்பே கரைகிற பணத்தை யார் சொல்கிறார்கள்? ஆஸ்திரேலியாவின் மாணவர் விசாக் கட்டணம் 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 ஆனது. அடுத்த ஆண்டே 2,000. விசா மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் போனது போனதுதான். பிரிட்டனுக்குப் போகிறவர் ஆண்டுக்கு 776 பவுண்ட் மருத்துவக் கட்டணத்தைப் படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்து விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும். மாணவர் அனுமதி கேட்பவர் வாழ்க்கைச் செலவுக்குக் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டிய தொகையைக் கனடா 2024 ஜனவரியில் 10,000 டாலரிலிருந்து 20,635 ஆக உயர்த்தியது. அறிவிப்பு வந்தது அதற்கு முந்தைய மாதம். பல வருடங்களாகச் சேர்த்து வைத்த குடும்பம் மீதியை ஒரு மாதத்தில் எங்கே போய்ப் புரட்டும்?

"பகுதிநேர வேலை பார்க்கலாமே" என்பார்கள். பாடம் நடக்கும் காலத்தில் பிரிட்டனில் வாரம் 20 மணி நேரம், கனடாவில் 24. அதற்கு மேல் வேலை செய்தால் விசாவுக்கே ஆபத்து. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே இல்லாத ஜெர்மனிக்குக்கூட 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு பங்கு மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில்) போட்டுக் காட்டுவதுதான் வழக்கமான வழி. முதலில் பணம், பிறகுதான் வேலை.

நான் பிரிட்டனில் முதுகலை படித்தபோது வாடகை அறைக்கான படிவத்தில் ஜாமீன்தாரர் என்றொரு கட்டம் இருந்தது. அந்நாட்டிலேயே வருமானம் உள்ளவராக இருக்க வேண்டுமாம். எனக்கு அங்கே யாரைத் தெரியும்? முகவர் அந்தக் கட்டத்தைப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் "6 மாத வாடகை முன்பணம்" என்று எழுதி நீட்டினார். என்னோடு படித்த உள்ளூர்த் தோழி அதே கட்டடத்தில் மாதாமாதம்தான் வாடகை கட்டினாள். அவளுடைய அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். எனக்கும் அப்பா இருந்தார். அவர் கையெழுத்து அங்கே செல்லவில்லை.

இதை எந்த ஆலோசகரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. மாணவரைச் சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகத்திடமிருந்து கமிஷன் வாங்குகிறவர்கள் அவர்களில் பலர். முழுச் செலவையும் சொன்னால் மாணவர் பின்வாங்கிவிடுவாரே!

"யார் உங்களைப் போகச் சொன்னது?" இதுவும் வரும். அந்தப் பல்கலைக்கழகங்கள்தான் அழைக்கின்றன. இங்கிலாந்தில் உள்நாட்டு இளநிலை மாணவருக்கு 2025-26இல் ஆண்டுக்கு 9,535 பவுண்ட் என்று உச்சவரம்பு உண்டு. வெளிநாட்டவருக்கு அது கிடையாது. உள்ளூர் மாணவர்களின் படிப்பிலும் ஆய்விலும் விழுகிற துண்டை எங்கள் பணத்தால்தான் அடைக்கிறார்கள். அதே ஊரில் வாடகை ஏறினால் பழியும் எங்கள் தலையில். பணத்தையும் கொடுத்துவிட்டுப் பழியையும் சுமக்க வேண்டுமா?

உதவித்தொகை உண்டு, மறுக்கவில்லை. பல உதவித்தொகைகள் கல்விக் கட்டணத்தில் ஒரு பங்கைத்தான் குறைக்கும், வாடகையைத் தொடாது.

வெளிநாட்டில் படித்தவர்கள் முதல் மாதம் கையைவிட்டுப் போன தொகையைக் கீழே எழுதுங்கள். முன்பணம், வைப்புத்தொகை, போர்வை வாங்கியது வரைக்கும். அறிவுரை சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து வேறு இடம் பாருங்கள்.