அந்த 'ங்கா'வுக்கு யார் பதில் சொல்வது?

போன வாரம் ஒரு பிறந்தநாள் வீட்டில் பார்த்தது. அந்தப் பையனுக்கு ஒன்றரை வயது இருக்கும். மேலே சுற்றும் ஃபேனைக் காட்டி "தா! தா!" என்கிறான். அவன் அப்பா, "அதை விடு தங்கம், மாமாவுக்குச் சொல்லிக் காட்டு, கௌ எப்படிக் கத்தும்?" என்கிறார். பையன் மறுபடி ஃபேனைக் காட்டினான். மறுபடி "கௌ எப்படிக் கத்தும்?" மூன்றாம் தடவை அவன் கையைக் கீழே போட்டுவிட்டான்.

எனக்கு நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்தது. அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அங்கேதான் நின்றேன்.

என் மகளுக்கு அப்போது 19 மாதம். ரைம்ஸ் ராகமெல்லாம் அத்துப்படி. படம் காட்டிக் கேட்டால் சிவப்பையும் மஞ்சளையும் தொட்டுக் காட்டுவாள். ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் வாய் திறக்கமாட்டாள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். என்னைப் பார்த்து ஒரு தடவைகூட "அப்பா" என்று கூப்பிட்டதில்லை. வீட்டில் ஆளுக்கொரு சமாதானம். "அவ அப்பனும் மூணு வயசுலதான் வாயத் திறந்தான்." "நாக்குல வசம்பு இழைச்சுத் தடவு." குழந்தைகள் மருத்துவர் முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்கச் சொன்னார். கேட்கிறது என்று உறுதியானதும் பேச்சுப் பயிற்சி தரும் ஒரு அம்மாவிடம் அனுப்பினார்.

அந்த அம்மா எங்களிடம் எதையும் கேட்கவில்லை. "பத்து நிமிஷம் பாப்பாவோட விளையாடுங்க சார்" என்று சொல்லிவிட்டு செல்போனில் படம் பிடித்தார். பிறகு அதை எனக்கே போட்டுக் காட்டினார். பத்து நிமிஷமும் நான் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறேன். இது என்ன, அது என்ன, எத்தனை, என்ன கலர். அதற்கிடையில் அவள் என்னைப் பார்த்தோ எதையாவது காட்டியோ குரல் கொடுத்தது 11 முறை. நான் பதில் சொன்னது இரண்டு முறை. மற்ற ஒன்பதிலும் அவள் பேசியது என் காதிலேயே விழவில்லை. அந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை.

அன்று தொடங்கி இதைப் பற்றி நிறையப் படித்தேன். கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கோல்ட்ஸ்டைனும் ஜெனிஃபர் ஷ்வாடும் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று என்னை உலுக்கிவிட்டது. ஒன்பதரை மாதக் குழந்தைகள். எப்போது பேச வேண்டும் என்று சொல்ல, தாய்மாரின் காதில் ஹெட்ஃபோன். ஒரு பிரிவில் குழந்தை குரல் கொடுத்த உடனே தாய் பதில் பேச வேண்டும். இன்னொரு பிரிவில் அதே அளவு பேச்சுதான், ஆனால் வேறொரு தாய் பேசிய நேரக் கணக்கை வைத்துப் பேச வேண்டும். அதாவது குழந்தையின் குரலுக்கும் தாயின் பதிலுக்கும் தொடர்பு இருக்காது. உடனுக்குடன் பதில் கிடைத்த குழந்தைகள் கொஞ்ச நேரத்திலேயே தங்கள் மழலையை மாற்றிக்கொண்டார்கள். தாய் உயிரொலியை நீட்டிச் சொன்னால் அவர்களும் அப்படி. மெய்யும் உயிரும் சேர்ந்த சொல்லைச் சொன்னால் 'பா', 'தா' என்று அந்தப் பக்கம் போனார்கள். நேரம் தவறிப் பதில் வந்த குழந்தைகளிடம் அந்த மாற்றம் இல்லை. அத்தனை பேச்சும் காதில் விழுந்தும் இல்லை.

கோல்ட்ஸ்டைன் 2003இல் செய்ததில் தாய் பேசக்கூட இல்லை. குழந்தை குரல் கொடுத்ததும் சிரித்தாள், பக்கத்தில் போனாள், தொட்டாள். அதற்கே மழலை தேறியது. தான் எழுப்பிய ஒலி இன்னொரு மனுஷியை அசைக்கிறது என்று குழந்தைக்குப் புரிந்துவிடுகிறது. பேச்சின் வேர் அதுதான் என்று நான் நம்புகிறேன்.

இதைப் படித்த அன்றிரவு எனக்கு என் அம்மா ஞாபகம்தான். தென்காசிப் பக்கம் எங்கள் ஊர். அம்மா பீடி சுற்றுவாள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு, கை நின்றால் காசு நின்றது. தூள் ஆகாதென்று என் தங்கச்சியின் சேலைத் தொட்டிலைத் தள்ளிக் கட்டி, கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டியிருப்பாள். தொட்டிலுக்குள்ளிருந்து "ங்கா" என்று ஒரு சத்தம். அம்மாவின் கை நிற்காது, முகம் மட்டும் திரும்பும். "என்னது? அப்படியா?" பிறகு சும்மா இருப்பாள். உள்ளேயிருந்து இன்னொரு "ங்கா" வரும். "யாரு வைதா உன்னைய? உங்க அண்ணனா? வரட்டும் அவன், என்னன்னு கேப்போம்." மறுபடி காத்திருப்பாள். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். முறை வைத்துப் பேசுவதை அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

அந்தக் காத்திருப்புதான் என்னிடம் இல்லாமல் போயிருக்கிறது. குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை வைத்துப் பருப்புக் கடைந்து, வீட்டில் ஒவ்வொருத்தருக்கும் பங்கு கொடுத்துவிட்டு, விரல்கள் நண்டாக ஊர்ந்து அக்குள் வரை போகும் விளையாட்டு நம் எல்லா வீட்டிலும் உண்டு. அக்குளுக்கு ஒரு சாண் முன்னால் விரல் நிற்கும் பாருங்கள், அப்போது குழந்தை நம் முகத்தைப் பார்த்துக் குரல் கொடுக்கும். அதுதான் அதன் முறை. அவசரக்காரர்கள் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

இதில் எனக்கு ஒரு கோபமும் உண்டு. பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி என்ற இரண்டு பேர் அமெரிக்காவின் கான்சஸில் 42 குடும்பங்களைப் பார்த்து, ஏழை வீட்டுக் குழந்தை நான்கு வயதுக்குள் 3 கோடி சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்று 1995இல் எழுதினார்கள். அந்தக் கணக்கைப் பின்னால் வந்தவர்கள் மறுத்திருக்கிறார்கள். ஆனாலும் ஏழைத் தாய்க்குப் பேசத் தெரியாது என்ற எண்ணம் மட்டும் தங்கிவிட்டது. 2018இல் ரேச்சல் ரோமியோவும் உடனிருந்தவர்களும் 4 முதல் 6 வயதுக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, பெரியவரும் குழந்தையும் மாறி மாறிப் பேசிய முறைகள்தான் மூளையின் மொழிப் பகுதி வேலை செய்வதோடு ஒட்டிப் போயின. வருமானத்தையும் கேட்ட சொற்களின் எண்ணிக்கையையும் கழித்துப் பார்த்த பிறகும் அப்படித்தான். என் அம்மாவிடம் சொல்லப் பெரிதாகச் சொற்கள் இல்லை, முறை இருந்தது. பட்டம் வாங்கிய என்னிடம் சொற்கள் மட்டும் இருந்தன.

போனைப் பற்றி நீளமாக எழுதப்போவதில்லை. ஒன்றிரண்டு மட்டும். 2003இல் பாட்ரிசியா குல் குழுவினர் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் சீன மொழி பேசுகிறவர்களை அனுப்பினார்கள். 12 அமர்வுகள். எதிரே உட்கார்ந்து விளையாடியவர்களிடமிருந்து அந்த மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆட்கள் டிவிடியில் வந்தபோது ஒன்றும் ஏறவில்லை. திரைக்குக் காத்திருக்கத் தெரியாது. நம் போனும் அப்படித்தான் குறுக்கே வருகிறது: தாய் இரண்டு வயதுக் குழந்தைக்குப் புதுச் சொல் சொல்லிக்கொடுக்கும்போது நடுவில் ஒரு அழைப்பு வந்தால், அந்தச் சொல்லைக் குழந்தை கற்றுக்கொள்வதில்லை என்று 2017இல் ஒரு ஆய்வு காட்டியது. அழைப்பு வராதபோது சொன்ன அத்தனை தடவை அந்தச் சொல்லையும் தாய்மார் சொல்லியிருந்தார்கள், அப்படியும்.

இதையெல்லாம் எடுத்துத் தாய்மார் தலையில் கட்டாதீர்கள். பதில் சொல்ல ஆள் வேண்டும், ஆளுக்கு நேரம் வேண்டும். 2017இலிருந்து சட்டப்படி தாய்க்கு 26 வாரம் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு. தமிழ்நாட்டு அரசுப் பணியில் இருக்கும் பெண்களுக்கு 2021இலிருந்து 12 மாதம். தனியாரில் வேலை பார்க்கும் அப்பாவுக்குச் சட்டத்தில் ஒரு நாள்கூடக் கிடையாது. என் மனைவி 26 வாரம் முடிந்து வேலைக்குப் போன மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் குழந்தைக்குத் துணை, டிவிதான். அவள் மழலை பேச ஆரம்பித்த மாதங்கள் அவை. அப்பாக்களுக்கும் விடுப்பு வேண்டும் என்று நான் கேட்பது என் களைப்புக்காக அல்ல.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பேச்சுத் தாமதம் எல்லாமே பேசாத பெற்றோரால் வருவதில்லை. காது கேளாமை இருக்கலாம், வேறு காரணம் இருக்கலாம். ஆட்டிசம் பெற்றோரின் வளர்ப்பால் வருவதே இல்லை. வீட்டில் இரண்டு மொழி பேசுவதாலும் பேச்சு தடைப்படாது. எந்த மொழியில் உங்களுக்குக் கொஞ்ச வருமோ அந்த மொழியில் பேசுங்கள்.

என் மகளுக்கு எங்கள் மருந்து, தரையில் உட்கார்ந்து அவள் முகத்துக்கு நேராக இருப்பதும், அவள் குரல் கொடுத்தால் பதில் சொல்லிவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணிக் காத்திருப்பதும்தான். முதல் வாரம் கைகாலெல்லாம் பரபரத்தது. நான்காம் மாதம், பால்கனியில் காக்கை வந்து உட்கார்ந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பி, "அப்பா... கா" என்றாள்.

ஒரு வயதாகியும் மழலை இல்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் வசம்பைத் தேட வேண்டாம். முதலில் காதைச் சோதியுங்கள். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்று அரசு மருத்துவமனையில் கேளுங்கள், 'டிஇஐசி' என்றாலும் வழிகாட்டுவார்கள். கட்டணம் கிடையாது.